வேறொரு சிலந்தி பிடிக்கலாமாம்!

இரண்டு கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை மத்தியானம். என் வீட்டு ஹாலில் பக்கத்து வீட்டு ரத்தினம் அண்ணை ஒரு கையில் பழைய பேப்பரும் மறு கையில் கூட்டுகிற தும்புத்தடியுமாக நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி பரமேஸ் அக்கா, செம்பில் மஞ்சள் தண்ணீரோடு. இரண்டு பேரும் என்னுடைய நன்மைக்காகத்தான் வந்திருந்தார்கள்.

அதுதான் எனக்குக் கோபம்.

நன்மை செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, மூச்சு இருக்கிற ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். என் கணவருடைய தம்பி சுதனைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பும் எழுதியிருக்கிறேன். கட்டாரில் வேலை. லீவில் வந்தால் ஒரு இடத்தில் இருக்க மாட்டார். இந்த முறை திரியாயில் ஒரு சிநேகிதருடைய வயலுக்குப் போனார். போனவர் சும்மா வரவில்லை. வயல் ஓரத்துப் பட்ட மரத்துப் பொந்திலிருந்து ஒரு புலிமுகச் சிலந்தியைப் பிடித்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திருகோணமலைக்கு வந்து இறங்கினார்.

நீங்கள் புலிமுகச் சிலந்தி பார்த்திருக்கிறீர்களா? கால்களை விரித்தால் என் உள்ளங்கைக்குள் அடங்காது. உடம்பு முழுக்க மயிர். சாம்பலும் கறுப்புமாக யாரோ இருந்து கோலம் போட்டது போல இருக்கும். முன்கால் இரண்டையும் தூக்கினால் அடியில் மஞ்சள் தெரியும். அது கோபத்தின் அடையாளம். கடித்தால் ஆஸ்பத்திரிதான்.

“வெளிநாட்டில உதைச் செல்லமா, பெட்டாக வளர்க்கினம் அண்ணி” என்றார் சுதன். பழைய மீன் தொட்டியைக் கழுவி, உள்ளே ஒரு மரப்பட்டையைச் சாய்த்து வைத்து, மேலே வலை அடித்து, ஹாலில் அலுமாரிக்குப் பக்கத்தில் குடிவைத்தார். பிறகு போட்டோ. காலையில் போட்டோ, பின்னேரம் போட்டோ, சிலந்தியோடு சுதன், சுதனோடு சிலந்தி. பேஸ்புக்கில் லைக்குகள் கொட்டின.

லீவு முடிந்தது. சுதன் பறந்தார். சிலந்தி பறக்குமா? அது என் ஹாலிலேயே இருந்தது.

“ஒரு வேலையும் இல்லை அண்ணி. கிழமைக்கு ஒரு கரப்பான் போட்டால் காணும், வேறொண்டும் கேக்காது. நாய் மாதிரிக் குரைக்காது, பூனை மாதிரி மீன் களவெடுக்காது.”

ஒரு வேலையும் இல்லையாம்!

வெயில் ஏறினால் தொட்டியை யார் தள்ளி வைப்பது? தண்ணீர்ச் சிரட்டையை யார் கழுவுவது? எறும்பு ஏறாமல் மேசைக் காலுக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைப்பது யார்? கரப்பான் என்ன, கட்டாரிலிருந்து பார்சலில் வருமா?

முதல் கிழமை கரப்பான் பிடிக்கும் பொறுப்பை என் கணவர் எடுத்தார். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறவர். மலை மாதிரி வருகிற கப்பலைக் கயிறு போட்டு இழுத்து வந்து கரையில் கட்டுகிறவர். குசினியில் கரப்பான் பறந்ததும் கதிரையில் ஏறி நின்றுவிட்டார்!

“இஞ்சாரும், நீரே பிடியும். எனக்கு உது சரிவராது.”

ஆக, நான்தான் பிடித்தேன். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவள், கோலத்தில் வந்த எறும்பையும் ஊதித் தள்ளிவிடுகிறவள், ஒரு உயிரைப் பிடித்து இன்னொரு உயிருக்குப் போட வேண்டி வந்தது. சாமிப் படத்துக்கு முன்னால் நின்று, ‘முருகா, அதன் பசியை வைத்ததும் நீதான், அதற்கு இதை இரையாக்கியதும் நீதான், நடுவில் என்னை ஏன் இழுத்தாய்?’ என்று கேட்டேன். பதில் வரவில்லை. கரப்பான் போடுகிற நாளைத் திங்களுக்கு மாற்றிக்கொண்டேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வெள்ளி பின்னேரம் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவது என் வழக்கம். முதல் வெள்ளி ஹாலுக்குள் புகை போனதும் சிலந்தி பட்டைக்குப் பின்னால் ஒடுங்கி, கால்களை இழுத்துச் சுருட்டிக்கொண்டது. எங்களுக்கு வாசம், அதற்கு மூச்சு முட்டல். அடுத்த வெள்ளியிலிருந்து ஹால் கதவைச் சாத்திவிட்டு மற்ற அறைகளுக்கு மட்டும் காட்டினேன். சாமி கோபிக்கவில்லை. பரமேஸ் அக்காதான் கோபித்தார்.

“பூச்சிக்காக வீட்டுக்குச் சாம்பிராணி குறைக்கிற ஆளை இப்பதான் பாக்கிறன்.”

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது சிலந்தி சாப்பாட்டை நிறுத்தியது. அந்த வெள்ளிக்கு முந்திய திங்கள் போட்ட கரப்பான் தொட்டிக்குள் சுற்றித் திரிந்தது. சிலந்தி திரும்பியும் பார்க்கவில்லை. என்னோடு சேர்ந்து அதுவும் விரதமோ? சுதனுக்குப் போன் எடுத்தேன்.

“அது சும்மா அண்ணி. பசிச்சால் தின்னும்.”

வளர்க்கிறவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். பரமேஸ் அக்காவும் நானும் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். எங்கள் வீட்டுச் செவ்வரத்தைச் செடியில் பூப் பறிக்க அக்காவும் என்னோடு உள்ளே வந்தார். ஹால் கதவைத் திறந்தேன்.

சிலந்தி மல்லாந்து கிடந்தது. அடியில் வெள்ளையாக ஒரு விரிப்பு மாதிரி நூல். கால்கள் மேலே மடங்கி... அசைவே இல்லை.

“ஐயோ! வெள்ளிக்கிழமையும் அதுவுமாச் செத்துக் கிடக்கு!” என்று அக்கா போட்ட சத்தத்தில்தான் ரத்தினம் அண்ணை தும்புத்தடியோடு வந்தார். அக்கா ஓடிப்போய்ச் செம்பில் மஞ்சளைக் கரைத்தார்.

“பிள்ளை, வீட்டுக்குள்ள சாவு எண்டால் துடக்கு, தீட்டு. விளக்கு வைக்க முந்தி இதை வெளியால போட்டிட்டு மஞ்சள் தண்ணி தெளிக்கோணும்” என்றார் அண்ணை.

“அண்ணை, சிலந்திக்கும் துடக்கோ?”

“கூரை ஓட்டில கிடக்கிற சிலந்தி எண்டால் இல்லை. இது வளர்த்த சிலந்தி எல்லே? வளர்த்தால் வீட்டு ஆள் மாதிரி.”

“இவ அடுத்த கிழமை பாற்குடம் எடுக்கிறா. அப்ப துடக்கு எத்தினை நாளைக்கு?” என்றார் அக்கா.

அண்ணை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

இத்தனை நாளும் நான் அதைப் பயந்து பயந்து பார்த்ததுதான். ஆனாலும் நான் தண்ணீர் வைத்த உயிர். வாட்ஸ்அப்பில் சுதனை வீடியோ கோல் எடுத்துத் தொட்டிக்கு நேரே போனைப் பிடித்தேன். அவர் ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“செத்துப்போச்சுப் போல அண்ணி. பரவாயில்லை, தூக்கி எறியுங்கோ. அடுத்த லீவுக்கு வேறொண்டு பிடிக்கலாம்.”

வேறொன்று!

சட்டை கிழிந்தால் வேறொன்று. செருப்பு அறுந்தால் வேறொன்று. பொந்துக்குள் தன் பாட்டில் இருந்ததை இழுத்து வந்து, பஸ்ஸில் குலுக்கி, கண்ணாடிக்குள் அடைத்து, ஊருக்கெல்லாம் காட்டிப் பெயர் வாங்கிவிட்டு, அது மல்லாந்து கிடக்கிறபோது வேறொன்றா? வாய் ஒரு கவளம்கூட நிற்கவில்லை, மென்றுகொண்டே சொல்கிறார்! போனை வைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் அதைக் கண்டேன். திங்கட்கிழமைக் கரப்பான் மெல்ல ஊர்ந்து வந்து, மல்லாந்து கிடந்த சிலந்தியின் கால் மடிப்பில் வாய் வைத்தது. கடிக்கிறது! அந்தக் கால் நுனி சுருங்கியது. துளிதான். ஆனால் சுருங்கியது.

செத்தது காலை இழுக்குமா?

குசினிக்கு ஓடி இடுக்கியை எடுத்து வந்தேன். வலையை நீக்கி, கரப்பானைக் கவ்வித் தூக்கி வெளியே எறிந்தேன்.

“என்ன பிள்ளை, செத்ததுக்குக் காவல் நிக்கிறீர்?”

“சாகேல்லை அண்ணை. கால் இழுத்தது. நான் பாத்தனான்.”

“காத்துக்கு ஆடியிருக்கும்.”

“கண்ணாடிப் பெட்டிக்குள்ள எங்கால காத்து?”

“தள்ளும், நான் ஒருக்காத் தட்டிப் பாக்கிறன்” என்று தும்புத்தடியைத் திருப்பிப் பிடித்தார். காம்பால் குத்தப் போகிறார்!

நான் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். கோயிலில் அர்ச்சனைத் தட்டைக்கூட அண்ணைக்கு வழிவிட்டுத்தான் கொடுப்பேன். அன்றைக்கு விடவில்லை.

“அண்ணை, போன சிவராத்திரிக்குக் கோயில் மைக்கில என்ன சொன்னீங்கள்? சிவலிங்கத்தில சருகு விழாமல் சிலந்தி நூலால பந்தல் போட்டது, அதைச் சிவன் மறுபிறப்பில ராசாவாக்கினார் எண்டு சொல்லிக் கண் கலங்கினீங்களோ இல்லையோ?”

“அது வேற சிலந்தி, பிள்ளை.”

“அதுக்கும் எட்டுக் கால்தானே?”

அண்ணை தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார். பரமேஸ் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் செம்பைக் கீழே வைத்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் இருந்தேன். ஒருவரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். என்ன நடக்கப் போகிறது என்று எனக்கும் தெரியாது. உயிர் இருக்கிறது – அது மட்டும் தெரியும்.

வெகு நேரம் ஒன்றுமில்லை. ‘அம்மாளாச்சி, நான் சரியோ பிழையோ, நீ பார்த்துக்கொள்’ என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு சிலந்தி ஓரத்தில் பிளந்தது. உள்ளேயிருந்து வெளிறிய, ஈரமான இன்னொரு உடம்பு. நனைந்த சட்டையின் நீளக் கையிலிருந்து கையை உருவுகிற மாதிரி, ஒவ்வொரு காலாக, விட்டு விட்டு, களைத்துக் களைத்து இழுத்தது. அதன் நோவு, பார்த்திருந்த எனக்கே முதுகில் தெரிந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடைசிக் காலும் வந்துவிட்டது.

தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு கூட இருந்த ரத்தினம் அண்ணை எட்டிப் பார்த்தார்.

“இரண்டு கிடக்கு! குட்டி போட்டிட்டுது!”

“தாயின்ர அளவில குட்டியோ, மனுசா? அது தோல் கழட்டியிருக்கு!” என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்: “அப்ப... இது பிறந்த துடக்கோ?”

மஞ்சள் தண்ணீர் செவ்வரத்தைக்குப் போனது.

விளக்கை ஏற்றிவிட்டு வந்து யோசித்தேன். எங்கள் ஊர் ரோட்டில் மான்கள் திரிகின்றன. வாகனங்கள் நின்று வழிவிடுகின்றன. வெளியூர்க்காரர் இறங்கி வாழைப்பழம் கொடுத்துப் போட்டோ எடுக்கிறார்கள். (பழம் கொண்டுவந்த பொலித்தீன் பையையும் அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். அதையும் மான் தின்கிறது. அது வேறு கோபம்.) கண் பெரிதாய், உடம்பு வடிவாய் இருந்தால் அன்பு. மயிரும் எட்டுக் காலுமாய் இருந்தால் தும்புத்தடி. இரண்டுக்கும் நடுவில் சுதன் மாதிரி ஆட்கள் – அன்பும் இல்லை, பயமும் இல்லை, போன் மட்டும் கையில். சொல்லுங்கள், இந்த மூன்றில் சிலந்திக்கு அதிகக் கேடு செய்தவர் யார்? தும்புத்தடி தூக்கிய அண்ணையை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அவர் செத்தது என்று நம்பித்தான் தூக்கினார்.

அடுத்த நாள் காலை சுதனே கோல் எடுத்தார். என் கணவர் படம் அனுப்பியிருந்தாராம்.

“அண்ணி! என்ன வடிவு! மெல்லத் தடியால தட்டுங்கோ, முன்கால் தூக்கி நிக்கும். வீடியோ எடுத்து அனுப்புங்கோ!”

“தம்பி, பிள்ளை பெத்துக் கிடக்கிறவளைத் தடியால தட்டி வீடியோ எடுப்பீரோ?”

“அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணி...”

“நேற்று எறியச் சொன்னனீர். எறிஞ்சது எறிஞ்சதுதான். இனி அது உம்மடை இல்லை.”

திங்கட்கிழமை வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அங்கிருந்து பேசிய அம்மா நான் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு சொன்னார், இந்தச் சிலந்தியைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம் என்று. எனக்கு வியர்த்துவிட்டது! நாங்கள் குற்றவாளியின் பொருளை அல்லவா ஹாலில் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம்? ஆனால் அவர் ஏசவில்லை. புதுத் தோல் இறுகும்வரை தண்ணீர் மட்டும் வைக்கும்படியும், கரப்பான் போட வேண்டாம் என்றும், ஆட்டி அசைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

இந்தக் கிழமை அந்த அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து கொண்டுபோனார்கள். திரியாய்ப் பக்கம் பட்ட மரம் பார்த்து விடுவார்களாம். ஜீப் வெளிக்கிட்டபோது தெருவில் நின்று கும்பிட்டவர் யார் தெரியுமா? ரத்தினம் அண்ணை!

செய்தி கேட்ட சுதன் போனில் துள்ளினார். “என்ர சிலந்தியை யாரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?”

கோபம் வேண்டாம் தம்பி. கழற்றிய தோல் பத்திரமாய் இருக்கிறது. எட்டுக் காலும், மயிரும், பல்லும்கூட அப்படியே. தொட்டிக்குள் மரப்பட்டையில் வைத்திருக்கிறேன். கரப்பான் கேட்காது, சாம்பிராணிக்கு ஒடுங்காது, தடியால் தட்டினாலும் நோகாது.

போட்டோவுக்கு அது காணும்.