பெல் அடித்தபோது முடி இருந்தது

1. துண்டு

தைப்பூசம் முடிந்த மறுநாள் காலை, எங்கள் நாடகக் கதாநாயகன் குணா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மேக்கப் அறைக்குள் வந்தார்.

"ரோஸ் அக்கா, கோவிச்சுக்கக் கூடாது."

ஒருவர் இப்படி ஆரம்பித்தால், கோபித்துக்கொள்ள வேண்டிய விஷயம் பின்னாலேயே வருகிறது என்று அர்த்தம். துண்டை அவிழ்த்தார். மழமழவென்று மொட்டை. அதன்மேல் சந்தனம் வேறு.

எழுபதுகளின் பிற்பாதி அது. நான் தொலைக்காட்சி நிலையத்தில் மேக்கப் ஆர்ட்டிஸ்ட். எங்கள் தமிழ் நகைச்சுவைத் தொடருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஸ்டூடியோ கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒரு செட். ஒரு எபிசோடின் வாசல் காட்சிகளை ஒரு வாரம் எடுப்போம், வீட்டுக்குள் நடப்பதை அடுத்த வாரம் எடுப்போம். முந்தின வாரம் குணா, தோ பாயோ வட்டாரத்து அடுக்குமாடி வீடு ஒன்றின் வாசலில் பழக்கூடையோடு நின்று பெல் அடித்துவிட்டார். அப்போது அவர் தலையில் இருந்தது நானே கிரீம் தடவி, வகிடு எடுத்து வாரிய அடர்த்தியான முடி. இந்த வாரம் கதவு திறக்க வேண்டும், அவர் உள்ளே வந்து பெண் கேட்க வேண்டும். கதைப்படி இடையில் இரண்டே வினாடி. அந்த இரண்டு வினாடிக்குள் ஒரு தைப்பூசம் புகுந்துவிட்டது.

"ஏன்யா இப்படிப் பண்ணீங்க?"

"நேர்த்திக்கடன் அக்கா. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பொண்ணு பொறந்திருக்கு. முருகன்கிட்ட போய் ஒரு வாரம் தள்ளி வச்சுக்கலாமான்னு கேக்க முடியுமா?"

அவர் மனைவி தெரேசா எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவள். அவள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள், இவர் முருகனுக்கு முடியை நேர்ந்துகொண்டார். யார் செவிசாய்த்தார்களோ தெரியாது, செலவானது முடி.

நாற்காலியில் உட்கார்ந்ததும் குணாவின் முகம் தொங்கிப்போனது. தெரேசாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவருடைய அப்பா அவரோடு பேசுவதில்லை. தமிழர்கள் நிறைந்த தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் தனியாக இருந்தார். ஆனால் நாடகம் வரும் நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார் என்று பக்கத்து வீட்டம்மா குணாவிடம் சொல்லியிருந்தார்.

"வாரத்துல ஒரு நாளாவது அப்பா என் மூஞ்சியப் பாக்குறாரு அக்கா. இந்த ரோல் போச்சுன்னா அதுவும் போச்சு."

மேக்கப் நாற்காலியில் உட்காருகிறவர்கள் இப்படித்தான் மனத்தில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். பிறகு அதைச் சுமக்க வேண்டியது நாம்.

2. ரம்புத்தான்

தயாரிப்பாளர் நாதன் சார் மொட்டையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், ஏதோ நான்தான் சிரைத்துவிட்டதுபோல.

"வாசல் சீனைத் திரும்ப எடுத்துடலாமே சார்" என்றேன்.

"எந்த வாசல்? செட்டைப் பிரிச்சாச்சு லா! சீன டிராமாவுக்கு அது இப்ப கோழிக்கடை!"

"அப்ப விக்கு?"

"வை. சரியா வரலைன்னா இந்த ஆளு அவுட். லாரி மோதிச் செத்துட்டாருன்னு ஒரு வரியில முடிச்சுடுவேன். பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை."

நகைச்சுவைத் தொடரில் லாரி மோதுவதா என்று கேட்க வாய்வரை வந்தது. விக்கைத் தேடப் போனேன்.

அலமாரியில் ஆண்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு விக். புராண நாடகத்தில் ராஜா வைத்தது, தோள்வரை சுருள் சுருளாக இறங்கும். அதை மாட்டியதும் நாதன் சார் அலறினார். ஆண்கள் முடி வளர்த்தால் அரசாங்க அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனிப்பார்கள் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்த காலம் அது. எங்கள் நிலையத்திலும் நடிகரின் முடி சட்டைக் காலரைத் தொடக்கூடாது.

வெட்டினேன். இடது பக்கம் கொஞ்சம் குறைந்தது. சரிசெய்ய வலது பக்கம் வெட்டினேன், அது இன்னும் குறைந்தது. இப்படியே இரண்டு பக்கத்துக்கும் பஞ்சாயத்து பண்ணி முடித்தபோது, மிச்சம் இருந்த முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

"என்னம்மா இது, ரம்புத்தான் பழமா?" என்றார் நாதன் சார்.

3. கதவு

மாமனார் வேடம் போட்ட வேலு அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து கரிபாப் தின்றுகொண்டிருந்தார். தொடரில் அவர் மகா கஞ்சன். பழைய மேடை நடிகர், வசனத்தை மனப்பாடம் செய்கிற பழக்கம் கிடையாது.

"தம்பி, அந்தச் சனியனைக் கழட்டிப் போட்டுட்டு வா. பாத்துக்கலாம்."

"அண்ணே, பாத்துக்கலாம்னா என்ன அர்த்தம்?" என்று நாதன் சார் கத்தினார். அண்ணன் இன்னொரு கரிபாப்பை எடுத்துக் கடித்தார்.

நாதன் சார் மேலே கண்ட்ரோல் ரூமுக்குப் போனார். செட்டில் விளக்கு போட்டார்கள். மொட்டை பளபளத்து கேமராவின் கண்ணைக் கூசச் செய்தது. நான் ஓடிப்போய் ஒரு டப்பா பவுடரைக் கொட்டினேன். குணா அவசரமாகத் தூக்கியதில் பழக்கூடையிலிருந்து ஓர் ஆரஞ்சு உருண்டு போனது. ஒரே ஒரு வாய்ப்பு, இது தவறினால் லாரி.

கதவு திறந்தது. அண்ணன் மொட்டையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சுற்றிவந்து பின்பக்கமும் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, போன்ல பேசுறப்ப தலை நெறைய முடின்னு சொன்னீங்க?"

இது ஸ்கிரிப்டில் இல்லை. குணா விழித்தார். ஒரு கணம் செத்தோம் என்று நினைத்தேன். அப்புறம் அந்த மனிதர் பழக்கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னார்:

"பெல் அடிச்சப்ப இருந்துச்சு மாமா. நீங்க கதவத் திறக்குறதுக்குள்ள கொட்டிப் போச்சு."

கேமராக்காரர் ஒரு மலாய்க்காரர், தமிழ் தெரியாது. அவருக்கே சிரிப்பு வந்து கேமரா ஆடியது. மேலே நாதன் சார் மேஜையைத் தட்டுவது கீழே கேட்டது. "வச்சுக்கோ! அப்படியே வச்சுக்கோ!" என்று மைக்கில் கத்தினார். குணா பிழைத்தார்.

ஆனால் இனி தொடர் முழுக்க மொட்டை. முருகனுக்குக் கொடுத்தது ஒரு தடவை, எங்களுக்கு வாராவாரம். காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறக்கூடாது என்கிற கன்டினியூட்டியின் பெயரில் ஒவ்வொரு ஒளிப்பதிவுக்கும் முன்னால் நானே அவர் தலையைச் சிரைத்தேன்.

4. மாலை

சில வாரம் கழித்து அந்த எபிசோட் ஒளிபரப்பானது. அடுத்த நாள் எங்களுக்கு ஸ்டூடியோ. சிரைத்து முடித்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். வாசல் காவலாளியின் தடையையெல்லாம் மீறி, வெள்ளை வேட்டியும் குடையுமாக ஒரு பெரியவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"டேய்! நான் இன்னும் சாகலடா!"

குணா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அப்பா!"

"நான் உயிரோட இருக்கேன், நீ மொட்டை போட்டுட்டு டிவியில வந்து நிக்கிறே! நேத்து ராத்திரியே துக்கம் விசாரிக்க ஆளுங்க படியேறிட்டாங்க. கதவத் திறந்தா, என்னையே பாத்து, 'பெரியவர எப்ப எடுக்கிறாங்க'ன்னு ஒருத்தன் கேக்குறான்! கீழே பூக்கடைக்காரன் மாலையே கட்டிட்டான்டா!"

அப்பா இறந்தால் மகன் மொட்டை போடுவது வழக்கம். நான் மாதா கோயில்காரி, எனக்குத் தோன்றாமல் போனதை மன்னிக்கலாம். திருநீறு இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாத நாதன் சாருக்குமா தோன்றவில்லை?

"நேர்த்திக்கடன்ப்பா" என்றார் குணா. "பொண்ணு பொறந்திருக்கு."

பெரியவர் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"யாரு மாதிரி இருக்கா?"

"உங்க மூக்குப்பா."

"பாவம்" என்றார் பெரியவர். அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் பிள்ளையும் கண்ணாடியைப் பார்த்தபடி அழுதார்கள். நான் பவுடர் பஃபைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே அழுதேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நாதன் சார் தலையை நீட்டினார். "ரோஸ், என்ன லேட்டு? யார் இந்த ஆளு?"

பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "நான்தாம்ப்பா செத்துப்போனவன்."

மேக்கப் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அழுத முகத்தில் உடனே பவுடர் போடாதீர்கள், திட்டுத்திட்டாக நிற்கும். தானாகக் காயவேண்டும். அதுவரை வெளியே எவ்வளவு பெரிய ஆள் நின்று கத்தினாலும், "மேக்கப் இன்னும் முடியல சார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். நான் சாத்தினேன்.