ஜமீலா மேடம் திரும்பப் பெற்ற கட்டுரை

முதலாம் ஆண்டு வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது ஜமீலா மேடத்தின் கணவர் கூப்பிட்டார். "சார், ஜமீலா மவுத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதிதான். நல்லவேளை, அவர் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். அஞ்சலி எழுதுகிறவன் இப்படித் தொடங்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மேடத்தோடு பழகியவர்கள் சுளிக்கமாட்டீர்கள், அவருக்குப் பூசி மெழுகிப் பேசினால் பிடிக்காது.

கல்லூரி விலங்கியல் துறையில் பத்தொன்பது ஆண்டுகள் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசை. ஆண் அந்துப்பூச்சி இருட்டில் பெண்ணை வாசனை பிடித்தே தேடி வருகிறது, அந்த வாசனை எங்கிருந்து முளைத்தது என்பதுதான் அவருடைய வாழ்நாள் கேள்வி. அதை விளக்க ஒருநாள் இரண்டு பால் பவுடர் டின்களோடு வகுப்புக்குப் போனார். கணவர் துபாயில் இருந்த காலத்து டின்கள். "ஒரே ஒரு டின்னு இருந்தா அதுல பால் பவுடர் மட்டுந்தான் வைக்கலாம். வேற எதாச்சும் வச்சா புள்ளைக்குப் பாலு கெடையாது. அதே மாதிரி இன்னொண்ணு வந்துருச்சுன்னா? அதுல ஊசி நூல் வச்சுக்கலாம்ல? பூச்சியும் அதத்தான் பண்ணிச்சு." உடம்பின் கொழுப்பைப் பக்குவப்படுத்த ஏற்கெனவே ஒரு மரபணு இருந்தது. எப்போதோ அதற்கு ஒரு நகல் விழுந்தது. ஒன்று பழைய வேலையைப் பார்க்க, மற்றது மெல்ல மாறி, பெண் பூச்சியின் காதல் வாசனையைத் தயாரிக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தது. "புதுசா எதையும் படைக்கல. வீட்டுல கெடந்தத எடுத்துப் பொழங்கிக்கிச்சு, அவ்வளவுதான்" என்பார்.

நெற்பயிரைக் கெடுக்கும் குருத்துப்பூச்சியில், நம் கடற்கரைப் பக்கம் அந்த நகல் இன்னும் கொஞ்சம் மாறியிருக்கிறது என்பது அவர் சந்தேகம். அப்படியென்றால் நம் பெண் பூச்சியின் வாசனைக் கலவையும் வேறு விகிதத்தில் இருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க, குரும்பகரத்தில் என் மைத்துனர் வயலில் ஒரு சம்பா பருவத்தில் இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்தோம். கடையில் விற்கும் வாசனை தோய்த்த ரப்பர் மூடிகளை நான் ஒரு பாதியில் மாட்டினேன். அவரே கலந்த புது விகித மூடிகளை அவர் மறுபாதியில் மாட்டினார். அவர் பொறிகளில் பூச்சி அப்பிக்கொண்டு கிடந்தது, என் பொறிகள் காலியாகக் கிடந்தன. அவர் நினைத்தது சரியாகிவிட்டது. கட்டுரை எழுதினோம், ஆய்விதழில் வெளிவந்தது, இரண்டாவது பெயர் என்னுடையது.

நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது அதற்குப் பிறகுதான். செய்முறை வகுப்பில், "மூடியை வெறுங்கையால் தொடாதீர்கள், வேறு பூச்சியின் வாசனை ஒட்டிக்கொண்டால் ஆண் விலகிப் போய்விடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். குரும்பகரத்தில் பொறி வைத்த அன்று காலை பக்கத்து வயலில் இலைச்சுருட்டுப் பூச்சிக்கும் பொறி வைத்திருந்தேன். கையுறை சேறுபட்டு வழுக்கியது, கழற்றிப் போட்டேன். வாய்க்காலில் கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, அதே கையால் குருத்துப்பூச்சி மூடிகளை மாட்டினேன். என் பொறிகள் ஏன் காலியாக இருந்தன என்பதற்கு மரபணு வரைக்கும் போக வேண்டியதே இல்லை.

இரண்டு ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை. அதற்கான தண்டனை தினமும் கண்முன் நடந்தது. மேடம் பெண் பூச்சிகளைப் பிடித்து, சுரப்பியைப் பிரித்து, அந்தப் புது விகிதத்தை ஆய்வகத்தில் நேரடியாக அளந்து காட்டப் பார்த்தார். ஒரு தடவையும் வரவில்லை. "என் கைதான் சரியில்ல போலருக்கு சார். வயசாயிருச்சு" என்று மாலையில் கண்ணாடியைக் கழற்றுவார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கோழைத்தனத்துக்கு வேறு பெயர் கிடையாது.

பிறகு அவருக்கு நோய் வந்தது. தருமபுரத்தில் அவர் வீட்டுக்குப் போய், ஒரு மதியம், எல்லாவற்றையும் சொன்னேன். "எத்தனை பொறி?" என்றார் முதலில். "பாதி மேடம். நான் வச்சது அத்தனையும்." அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. "ரெண்டு வருஷம் சார். என் கையச் சந்தேகப்பட்டுக்கிட்டு உக்காந்துருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது?" நான் தலை குனிந்திருந்தேன். "நிமிந்து பாருங்க" என்றார். பார்த்தேன். கண் நிறைந்திருந்தது, ஆனால் முகத்தில் சிரிப்பு. "அப்ப என் கை நல்லாத்தான் இருந்துருக்கு. அல்ஹம்துலில்லாஹ்."

அந்த வருஷத்துச் சம்பாவிலேயே மறுபடியும் பொறி வைக்கச் சொன்னார். மூடிக்கு ஒரு கையுறை மாற்றி மாற்றி மாட்டினேன். "பொறி வைக்கிறீங்களா மச்சான், ஆபரேஷன் பண்றீங்களா?" என்று மைத்துனர் கிண்டல் செய்தார். இந்த முறை அவருடைய புது விகிதத்தைவிடக் கடை மூடிகளில்தான் அதிகப் பூச்சி விழுந்தது. எண்ணிக்கையைப் படித்துக் காட்டினேன். "நம்மூருப் பூச்சிக்குத் தனிக் கொம்பு ஒண்ணும் மொளைக்கல" என்று படுத்தபடியே சிரித்தார். "யோசனை தப்பில்ல சார், வேற பூச்சிகள்ல அது நிக்குது. நம்ம சாட்சிதான் பொய்யாப்போச்சு."

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவர் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். தவறு முழுவதும் என்னுடையது என்று சேர்த்திருந்தேன். அந்த வரியை நீக்கச் சொன்னார். "கையுறை உங்க தப்பு. நெனச்ச முடிவு வந்தவொடன கேள்வி கேக்காம வாங்கிக்கிட்டது என் தப்பு. ரெண்டையும் எழுதுங்க." இதழிலிருந்து பதில் வந்த அன்று ரவா கேசரி செய்யச் சொல்லி எனக்கும் கொடுத்தார். கட்டுரை வெளிவந்தபோதுகூட அவர் வீட்டில் இனிப்புச் செய்ததாக நினைவில்லை.

மனதுக்குப் பிடித்த முடிவு வந்தால் அன்றே அதை இன்னொருவரிடம் கொடுத்து, "எங்கே கெடுத்திருக்கிறேன், பாருங்கள்" என்று கேட்கிறேன் இப்போது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த பழக்கம் அது.

அடக்கத்தன்று உறவுக்கார ஆண்கள் மட்டும் உள்ளே போய் முகம் பார்த்து வந்தார்கள். அவர் கணவர் வாசலில் என் தோளைத் தொட்டு, "ஒங்களுக்கு மொகம் காட்ட முடியல. மனசுல வச்சுக்காதீங்க சார்" என்றார்.

"பரவாயில்ல பாய்," என்றேன். "அவங்க நிமிந்து பாருங்கன்ன அன்னிக்கே நான் பாத்துட்டேன்."