கல் ஆடிய தொட்டில்

எங்கள் மகன் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவன். மூன்று வாரம் மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஏழாவது மாடி வீட்டுக்கு வந்தபோது இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இருந்தான். அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் எப்படிப் புறப்பட்டது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். அழ ஆரம்பித்தால் உள்ளங்கால்வரை சிவந்துபோவான். வெளியே மோனோரயில் போவதுகூடக் காதில் விழாது.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினைந்து பேரை ஏற்றி இறக்கும் பெட்டியையே பழுது பார்க்கிறவனுக்கு ஒரு தொட்டில் எம்மாத்திரம் என்ற திமிர் எனக்கு இருந்தது. இந்த ஊரில் பிள்ளை பிறந்த வீட்டிலெல்லாம் இருக்கிற தொட்டில்தான். இரும்புச் சட்டம், அதில் தொங்கும் ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் கொக்கியில் சாரோங் துணி. பிள்ளை காலை உதைத்தாலே மேலும் கீழுமாக ஆட வேண்டும். கைக்குழந்தைக்கு ஒரு ஸ்பிரிங் போதும் என்றார் கடைக்காரர். பாதுகாப்பைப் பற்றி இவர் எனக்குப் பாடம் எடுப்பதா என்று இரண்டு வாங்கி மாட்டினேன்.

பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் தொட்டிலில் கல்லைப் போட்டு ஆட்டுவது எங்கள் வழக்கம். பிள்ளை கல்லைப்போலத் திடமாக இருக்க வேண்டும் என்பதற்காக. எங்கள் வீட்டில் அம்மியும் இல்லை, குழவியும் இல்லை, மிக்சிதான். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் சம்பல் இடிக்கும் கல்லுரலைக் கேட்டேன். மதியச் சமையலுக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். கல் என்னமாய் ஆடியது! லிஃப்டைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவனைப்போல நானும் தலையாட்டினேன். அந்தக் கல்லில் மூன்றில் ஒரு பங்குகூட என் மகன் இல்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை.

அவனைப் போட்டால் தொட்டில் ஆடவில்லை, அவன் தூங்கவில்லை. வெக்கை என்றேன், வாயு என்றேன், துணி புதிது என்றேன். ஸ்பிரிங்கை மட்டும் சந்தேகிக்கவே இல்லை. என் மனைவி கை கடுக்க ஆட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாள். நான் அவனைத் தூக்கியதே இல்லை. உண்மையைச் சொன்னால், பயம். ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன இந்தக் கையில் அந்தக் குருத்து எலும்பு என்ன ஆகும் என்ற பயம். பால் புட்டி கழுவுவேன், துணி காயப்போடுவேன். அவனை மட்டும் அவள் மடியில் இருக்கும்போது பார்ப்பதோடு சரி.

இப்படியே அவளுடைய பிரசவ விடுப்பு முடியப்போகும் நாள் வந்துவிட்டது. அவள் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆசைப்பட்டுப் படித்து வாங்கிய வேலை. நான் மாலை ஷிஃப்டுக்கு மாறிக்கொள்வது, அவள் பள்ளி முடிந்து வரும்வரை பிள்ளை என் பொறுப்பு என்று ஏற்பாடு. ஆனால் அவளுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை வகுப்பறையைச் சரிசெய்யப் போவதாகவும், திரும்பி வரும்போது அவன் தூங்கிக்கொண்டிருந்தால் கடிதத்தைக் கிழித்துப்போடுவதாகவும் சொன்னாள். டீச்சர் அல்லவா, பரீட்சை வைக்காமல் விடுவாளா?

"அழுதா எனக்குப் போன் பண்ணாதீங்க லா. நீங்களே பாருங்க," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

பத்து மணிக்குத் தொட்டிலில் கிடந்தபடியே புட்டிப்பால் குடித்தான். பத்தரைக்கு ஆரம்பித்தான். நான் தொட்டிலை இழுத்து இழுத்து ஆட்டினேன். சட்டம்தான் ஆடியது, துணி அப்படியே நின்றது. பதினொன்றரை மணிக்கு, சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் கல் ஆடியது ஞாபகம் வந்தது. இரண்டு ஸ்பிரிங் அவன் எடைக்கு அசையவே அசையாது என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றினால் போதும், இரண்டு நிமிட வேலை.

ஆனால் கழற்ற வேண்டுமென்றால் முதலில் அவனை வெளியே எடுக்க வேண்டும். கொக்கியிலிருந்து துணியோடு இறக்கி மெத்தையில் கிடத்திப் பார்த்தேன். மூச்சடைத்துக் கத்தினான். வேறு வழியில்லாமல், இடது கையில் அவனை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வலது கையால் ஸ்பிரிங்கைக் கழற்றினேன்.

அழுகை நின்றது. எதையோ உடைத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பதறிக் குனிந்து பார்த்தால், கண்ணை அகலமாகத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது என் நெஞ்சில் பதிந்திருந்தது. ஒரு கொட்டாவி விட்டான். அந்தச் சின்ன வாய்க்குள் அவ்வளவு பெரிய கொட்டாவி! என் சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இமை இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. பிறகு அந்தச் சின்ன உடம்பு முழுக்க என் கையில் கனத்தது. எத்தனையோ பாரத்தைத் தூக்கியிருக்கிறேன். ஓர் உயிர் தன்னை முழுசாக என்னிடம் விட்டுவிட்ட பாரத்தை அன்றுதான் தூக்கினேன். ஸ்பிரிங்கைக் கீழே வைக்கக்கூடத் தைரியம் வரவில்லை.

ஒன்றே காலுக்குக் கதவு திறந்தது. அவள் முதலில் பார்த்தது காலித் தொட்டிலை. முகம் வெளுத்துவிட்டது. பிறகு ஜன்னலோரம் நின்ற என்னைப் பார்த்தாள்.

"தொட்டில்ல போடலயா?" என்றாள், சத்தமே இல்லாமல்.

"எறக்க மனசு வரல," என்றேன்.

கிட்டே வந்து, மரத்துப்போன என் விரல்களிலிருந்து ஸ்பிரிங்கை மெல்ல வாங்கி வைத்தாள். ஃபிரிட்ஜ் மேலிருந்த கடிதத்தை எடுத்தாள். கிழிக்கப் போனவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். குளியலறைக்குள் போய், கதவைச் சாத்தி, குழாயையும் திறந்துவிட்டுக்கொண்டுதான் கிழித்தாள்.