நன்னடத்தைச் சான்று

நான் இப்போது வாழும் நாட்டில் நிரந்தரமாகத் தங்குவதற்கான விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தபோது, கோட்டைக்குப்பத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். புதிதாக எதையாவது கண்டுபிடித்தவர்களுக்கும் தனித்திறமை உள்ளவர்களுக்கும் தருகிற விசா அது. இறால் பண்ணைத் தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் முன்கூட்டியே கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் சின்னக் கருவி ஒன்றை நான் செய்திருந்தேன்.

விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு ஒரு கேள்வியில் நின்றேன். வழக்கு இல்லாவிட்டாலும், யாருக்காவது பலத்த காயம் ஏற்படுத்தியது உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

பத்தொன்பது வயதில், கல்லூரி விடுமுறையில், அண்ணனோடு ஏரியில் மீன் பிடிக்கப் போயிருந்தேன். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு அருகே வலை கட்டும் இடம் யாருடையது என்று எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் வெகுநாள் தகராறு. அன்று காலை அவர்கள் எங்கள் வலைகளை அறுத்துவிட்டு, படகுகளில் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். கல் பறந்தது. கண்ணாடிப் புட்டிகள் வந்து உடைந்தன. ஒருவன் எங்கள் படகில் ஏறி, அண்ணனின் தலைமயிரைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். அண்ணனின் கால்கள் பலகையில் அடித்துக்கொண்டன. நான் படகு தள்ளும் கழியை எடுத்து அவன் முழங்கையில் அடித்தேன். பிடி விட்டு, அவன் படகிலிருந்து தண்ணீரில் விழுந்தான். அண்ணன் மேலே வந்து இருமினான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்து கிடந்தவனை, அதே கையில், மறுபடியும் அடித்தேன். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்த பிறகும் அடித்தேன். அவன் அலறியது எனக்குப் பிடித்திருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் போலீஸ் ஜீப் வந்தது. அண்ணன் தம்பி இருவரில் அடித்தது யார் என்று கேட்டார்கள். நைனா என்னைப் பார்க்காமல், பெரியவன்தான் என்றார். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினான். ஜாமீனில் வரும்போது முன்பல் இரண்டு இல்லை. பொன்னேரி கோர்ட்டில் வழக்கு பல வருடம் இழுத்து, கடைசியில் இரண்டு ஊரும் சமாதானமாகி முடிந்தது. அதற்குள் நான் படிப்பை முடித்துவிட்டேன். நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அண்ணன் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தபோது, 'ஆம்' என்றே எழுதப்போவதாகச் சொன்னேன். அவன் எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தான். விளையாட்டு என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த குத்தில் உதடு கிழிந்தது. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தான். அண்ணி ஓடிவந்து இடையில் விழுந்த பிறகுதான் நின்றான்.

"நான் உள்ள போனது எதுக்குடா? நீ போய் யோக்கியனாட்டம் எல்லாத்தையும் எழுதி வைக்கவா? அப்போ எம் பல்லுக்கு இன்னா அர்த்தம்?"

அவன் அழுதுகொண்டிருந்தான்.

'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். என்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் வந்தது. சென்னையில் விசாவுக்கான உடல் பரிசோதனையில், உதட்டில் தையல் எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டார். படகில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன்.

விசா வந்ததும் பக்கத்து ஊருக்குப் போனேன். அன்று நான் அடித்தவன் தன் வீட்டு எதிரில் ஒரு கையால் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். மற்றது முழங்கையில் மடங்கியபடி மார்போடு ஒட்டியிருந்தது. அடித்தது நான் என்று சொன்னேன்.

"தெரியும்," என்றான். "படகுக்காரன் உள்ள போனாத்தான் அவங்க தொழில் நிக்கும்னு எங்க ஊர்ல உங்க அண்ணன் பேரச் சொல்லச் சொன்னாங்க. சொன்னேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் கேட்கவிடவில்லை.

"எத்தினி அடின்னு ஞாபகம் கீதா?"

"நாலு."

"ஏழு. போயிடு. எங்க ஆளுங்க வர்ற நேரம்."

போகவில்லை. வந்தவர்களில் ஒருவன் என்னை அடையாளம் கண்டு சட்டையைப் பிடித்தான். இருவர் சேர்ந்து தெருமுனை வரை அடித்துக்கொண்டே போனார்கள். நான் கை ஓங்கவில்லை. இறால் பிரித்துக்கொண்டிருந்தவன் தடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

வீங்கிய முகத்தைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தான். வெந்நீர் வைத்துத் துணியால் ஒற்றியெடுத்தான். பத்து நாள் கழித்து என்னை விமான நிலையத்தில் விட்டதும் அவன்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறோம். வலையில் என்ன விழுந்தது, இங்கே குளிர் எப்படி என்பதோடு முடிந்துவிடுகிறது.