சேர்த்துப் போட்ட பெட்டி

குவைத்தில் பதினோரு வருடமாக ஒரே வீட்டில் சமைத்துவரும் கிருஷ்ணம்மா, தன் ஊரான வடமாலபேட்டைக்குத் திரும்புவது இது நான்காவது முறை. எந்த விமானம் மலிவோ அதில்தான் முதலாளியம்மா டிக்கெட் எடுப்பாள். ஷார்ஜாவில் இறங்கி, அங்கே காத்துக் கிடந்து, வேறு விமானம் ஏறிச் சென்னை வரவேண்டும். உள்ளே தண்ணீர்கூட விலைக்குத்தான். அதனால் நாலு ரொட்டியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வாள்.

குவைத் விமான நிலையக் கவுண்டரில் பெட்டியைத் தூக்கி வைத்ததும் முப்பத்தேழு கிலோ காட்டியது. முப்பதுக்கு மேல் விடமாட்டார்கள்.

“ஏழு கிலோ எடுத்துடுங்க. இல்லேன்னா கூட வர்றவங்க யாராவது இருந்தா சேர்த்துப் போடறேன்” என்றாள் கவுண்டரில் இருந்த மலையாளிப் பெண்.

கிருஷ்ணம்மா திரும்பிப் பார்த்தாள். பின்னால் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். ஒரு கையில் பாலித்தீன் பை. மறு கையில், பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குத் தூதரகம் கொடுக்கும் வெள்ளைத் தாள். வேலை செய்த வீட்டிலிருந்து ஓடி வந்தவள் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது.

“இன்னா ஊரும்மா நீ?”

“சத்தியவேடு பக்கம். யமுனா.”

“எம் பொட்டிய உன் டிக்கெட்டோட சேர்த்துப் போட்டுக்கட்டுமா?”

யமுனா ஓரடி பின்னால் நகர்ந்தாள். “உள்ள இன்னா கீதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பட்டது போதும்க்கா.”

கிருஷ்ணம்மாவுக்குக் கோபம் வரவில்லை. தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள். பால் பவுடர் டப்பா, பாதாம், தைல பாட்டில்கள், மருமகள் பத்மாவதி கேட்ட பூப்போட்ட கம்பளி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பாதியிலேயே யமுனாவும் கீழே உட்கார்ந்து, எடுத்ததையெல்லாம் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள்.

விடியற்காலை ஷார்ஜாவில் இறங்கினார்கள். பதினொரு மணி விமானம் ஒரு மணிக்குத் தள்ளிப்போயிற்று, பிறகு இரண்டரைக்கு. ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே யமுனா பேசினாள்.

“எட்டு மாசத்துல மூணு வூடு மாத்திட்டாங்க. போனப் பிடுங்கிக்கினாங்க. ஒரு நாள் மயக்கம் போட்டு வுழுந்தேன், அப்பவும் எழுப்பி வேல வாங்கினாங்க. இப்போ ஊருக்குப் போனா, வெளிநாடு போனவ வெறுங்கையோட வந்துட்டான்னு பேசுவாங்க.”

“மொத வருஷம் நானும் பாத்ரூம்ல உக்காந்து அழுதவதான்” என்றாள் கிருஷ்ணம்மா. அதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

யமுனா அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கை மரத்துப்போயும் கிருஷ்ணம்மா அசையவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது, எண்கள் தெரியும். கேட் மாறிவிடுமோ என்று பலகையில் தங்கள் விமானத்தின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னையில் பெட்டி கைக்கு வந்ததும் மறுபடி கயிற்றை அவிழ்த்தாள். பால் பவுடர், பாதாம், மேலே கம்பளி என யமுனாவின் கைகளில் அடுக்கினாள்.

“வெறுங்கையோட போவாத.”

“உங்க வூட்ல கேப்பாங்களேக்கா?”

“கேக்கட்டும்.”

யமுனா கம்பளியை முகத்தோடு அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். போகும்போது கிருஷ்ணம்மாவின் போன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

வெளியே புருஷன் அப்பாவு வேனோடு நின்றிருந்தார். “எப்பிடி கீற?” என்று அவர் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். திருவள்ளூர் தாண்டும் முன்பே தூங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் தூக்கம்தான். கம்பளி எங்கே என்று பத்மாவதி கேட்டபோது, “பிளேன்காரங்க வுடல” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாற்பது நாள் முடிந்ததும் அதே வழியில் குவைத்துக்குத் திரும்பிப் போனாள்.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது யமுனா போன் செய்தாள். அவள் ஊருக்குக் கிட்டே, தடா பக்கம் செல்போன் கம்பெனியில் வேலையாம்.

“ஷிப்ட் முடியற வரைக்கும் நின்னுக்கினே இருக்கணும்க்கா. காலு வீங்கிப் போவுது. ஆனா வேல முடிஞ்சா பஸ்ல வூட்டுக்கு வந்துடறேன்.”

கிருஷ்ணம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“துன்னியா?” என்று கேட்டாள்.