கை நின்ற இடம்

என் அக்கா வீட்டுக்காரரைப் பட்டறையில் எல்லோரும் கட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் மாமா என்பேன், அதுவும் கோபம் இல்லாத நாட்களில். நாங்கள் வேலை செய்தது மோதி நசுங்கிய கார்களைச் சரிசெய்யும் பட்டறையில். நசுங்கிய தகரத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது என் வேலை. நான் தட்டிய இடத்தில் பள்ளம் நிரப்பும் பட்டியைப் பூசி, அது காய்ந்ததும் உப்புத்தாள் சுற்றிய கட்டையால் தேய்த்துச் சமமாக்குவது அவர் வேலை. ஆக, என் குற்றம் குறைகளை மூடுவதுதான் அவருடைய பிழைப்பு. அதை ஒருநாளும் அவர் சொல்லாமல் விட்டதில்லை.

கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், நாற்காலியில் உட்காருவதற்கு முன் கூடத்துச் சுவரைத் தடவிப் பார்த்து, சுவருக்குத் தொப்பை விழுந்திருக்கிறது என்று என் அப்பாவிடம் சொன்ன ஆள். அப்பா அதை மறக்கவே இல்லை. சாயங்காலம் வீடு திரும்பும்போது மாமாவின் தலை, மீசை, இமை எல்லாம் பட்டித் தூளாக இருக்கும். காலையில் போனபோது அப்பாவாகத்தான் போனார், வரும்போது தாத்தாவாக வருகிறார் என்று அவருடைய சின்ன மகள் சொல்லுவாள்.

அவரிடம் ஏழு கட்டைகள் இருந்தன. எல்லாம் அவரே செய்தவை. கதவுக்கும் கூரைக்கும் முழங்கை நீளத்தில் ஒரு மரக்கட்டை. பள்ளத்தைவிடக் கட்டை நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது உள்ளே இறங்காமல் இரண்டு பக்க மேட்டிலும் உட்கார்ந்து தேய்க்கும் என்பார். தட்டையான கதவை ரப்பர் கட்டையால் தேய்த்தால், அது பள்ளத்தோடு பள்ளமாக இறங்கி அதையும் வழவழப்பாக்கிவிடும். தொட்டால் பட்டு, பார்த்தால் அலை. தகரம் மடிகிற கோட்டின் உட்பக்கத்துக்குத் தண்ணீர்க் குழாயில் வெட்டிய ஒரு துண்டு. சக்கரத்துக்கு மேலே வளைகிற இடத்துக்குச் செருப்பு. ஆமாம், செருப்புத்தான். ரப்பர் செருப்பின் குதிகால் பகுதியைச் சதுரமாக வெட்டி வைத்திருப்பார். புதுச் செருப்பு துள்ளும், ரொம்பப் பழையது வளையாது, ஆறு மாதம் மிதிபட்டதுதான் பதம் என்பது அவர் கணக்கு. பட்டறைக்கு யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பார். கார் விட வந்த ஒருவரிடம் நேராகவே செருப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவரை வெறுங்காலோடு அனுப்பிய கதையும் உண்டு.

கட்டை இல்லாமல் விரலால் தாளைப் பிடித்துத் தேய்க்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. நாலு விரலும் நாலு வாய்க்கால் வெட்டும் என்பார். அதைவிட ஆகாதவர்கள் கறுப்புத் தூள் தூவுகிறவர்கள். காய்ந்த பட்டியின் மேல் கறுப்பைத் தூவிவிட்டுத் தேய்த்தால் மேட்டில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் தங்கிவிடும், குறை பளிச்சென்று தெரியும். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் செய்கிறார்கள். மாமா செய்ய மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு இடது உள்ளங்கையைக் கதவின் ஒரு முனையில் வைத்து மெதுவாக மறுமுனைக்கு இழுப்பார். ஓரிடத்தில் கை நிற்கும். அங்கே ஒரு முடி கனத்துக்குப் பள்ளம் இருக்கும். முப்பது வருஷத்தில் அந்தக் கை ஒருதடவைகூடப் பொய் சொன்னதில்லை. தூள் தூவுகிறவர்களைப் பார்த்து, கை இல்லாதவன் செய்கிற வேலை என்று எல்லோர் முன்னாலும் சொல்லுவார். வாய்க்கொழுப்பு.

அந்தக் கை போய்விட்டதை நான் கண்டுபிடித்தது ஒரு மதிய நேரத்தில். பெயிண்ட்டுக்கு முன் பூசும் பிரைமர் அடித்த பேனட்டை ஈரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறத்தின் மேல் தண்ணீரோடு சிவப்பாக இரண்டு கோடுகள் ஓடின. தாள் கிழிந்து கட்டையிலிருந்து நழுவியது தெரியாமல் விரல்நுனிகளையும் சேர்த்துத் தேய்த்திருக்கிறார். இரண்டு விரலில் தோலே இல்லை. மாமா, கை என்றேன். யாருடைய கையோ என்பதுபோலக் குனிந்து பார்த்தார். பிறகு துணியை எடுத்து முதலில் பேனட்டைத் துடைத்தார், அப்புறம்தான் விரலை.

சர்க்கரை. எட்டு வருஷமாக இருந்ததாம். கையும் காலும் மரத்துப்போக ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறதாம். அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. கொதிக்கிற டம்ளரை அவர் அசராமல் பிடிப்பதைப் பார்த்து, உழைத்துக் காய்த்துப்போன கை என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"முதலாளிக்குத் தெரிஞ்சா என்னைக் கார் கழுவ விட்டுடுவாரு. யார்கிட்டயும் சொல்லாத மாப்ள," என்றார்.

அவர் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. தூளைத் தூவித் தொலைக்கலாமே என்றேன். இத்தனை வருஷம் அவனவனைத் திட்டிவிட்டு இன்றைக்கு நானே தூவினால், அப்போதே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடாதா என்று கேட்டார். அதுவும் உண்மைதான். வாயால் கட்டிய சுவரை இப்போது அவராலேயே ஏறிக் குதிக்க முடியவில்லை.

ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் தேய்ப்பார். சாயங்காலம் மற்றவர்கள் கைகால் கழுவப் போகும்போது நான் போய்த் தடவிப் பார்த்துச் சொல்வேன். சுத்தியல் பிடித்த முரட்டுக் கைதான், ஆனாலும் அதில் உணர்ச்சி இருந்தது. நான் பள்ளம் என்றால் மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து இன்னொரு பூச்சு பட்டி போடுவார். நாலு மாதம் இப்படியே ஓடியது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்புறம் அந்தக் கறுப்புக் கார் வந்தது. வெள்ளைக் காரில் கண்ணுக்கே தெரியாத அலை கறுப்பில் வீதியிலிருந்தே தெரியும். அதனால் கறுப்பு வந்தால் முதலாளி மாமாவைத் தவிர யாரிடமும் கொடுக்க மாட்டார். பின்கதவு உள்ளே போயிருந்தது. நான் இரண்டு நாள் தட்டினேன். மூன்றாம் நாள் மாமா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கதவை நிமிர்த்தச் சொன்னால் இவன் உட்கார்ந்து தாளம் போட்டிருக்கிறான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். சிரித்துவிட்டு, பட்டி கனமானால் வெடித்துவிடும், இரண்டு பூச்சுக்கு மேல் போனால் உன்னைத்தான் கேட்பேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். என் கையை வைத்துப் பிழைத்துக்கொண்டு என்னையே நக்கலடிக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கண்ணால் ஜாடை காட்டிக் கூப்பிட்டார். இரண்டு பூச்சும் முடிந்திருந்தது. போய்க் கதவில் கையை வைத்து இழுத்தேன். கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாண் தள்ளி, கை நின்றது. சந்தேகமே இல்லை, பள்ளம். சொன்னால் மூன்றாவது பூச்சு. மூன்றாவது பூச்சு என்றால் நான் தட்டியது லட்சணம் இல்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. நின்ற கையை நகர்த்தி மறுமுனைவரை கொண்டுபோனேன்.

"சரியா இருக்கு மாமா."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டுக் கட்டைகளைத் துணியில் சுற்றினார்.

மூன்று நாள் கழித்து கார் பெயிண்ட் அடித்து முடிந்து வெயிலுக்கு வந்தது. எதிர்ச் சுவரின் நேர்க்கோடு அந்தக் கதவில் தண்ணீரில் விழுந்ததுபோல நெளிந்தது. காரின் சொந்தக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை, விரலால் காட்டினார், அவ்வளவுதான். முதலாளி மாமாவைக் கூப்பிட்டார். நான் பத்தடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்க எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. திறக்கவில்லை.

"அவசரத்துல நீளக் கட்டைய விட்டுட்டு ரப்பரால தேச்சுட்டேன். என் தப்புதான்," என்றார் மாமா.

பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆனவன்கூட அந்தத் தப்பைச் செய்ய மாட்டான். முதலாளியும் நம்பவில்லை. மாமாவின் இடது கையைப் பிடித்துத் திருப்பி, ஆறிக் கறுத்திருந்த விரல்நுனிகளைப் பார்த்தார். பிறகு தாள் வெட்டும் கத்தியின் முனையை எடுத்து உள்ளங்கையில் மெல்லக் குத்தினார். மாமா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கை அசையவில்லை.

மறுநாளிலிருந்து அவர் கார் கழுவப் போனார். காலையிலிருந்து சாயங்காலம்வரை ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் நிற்கும் வேலை. அவர் திட்டிய பையன்களெல்லாம் அந்தப் பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொண்டார்கள். கிண்டல் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. ஐந்தாவது மாதம் எங்கிருந்தோ ஒரு தகரச் சில்லு பூட்ஸுக்குள் விழுந்து இடது பாதத்தில் ஏறிவிட்டது. இரண்டு நாள் அதன்மேலேயே நடந்திருக்கிறார். துவைக்கப் போட்ட காலுறையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. முதலில் இரண்டு கால்விரலை எடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் கணுக்காலுக்கு மேலே வரை எடுத்தார்கள். எல்லாம் என் தலையெழுத்து என்று அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். யாருடைய கையெழுத்து என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் போனேன். அக்கா சமையலறையில் இருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கதவில் பள்ளம் இருந்தது எனக்குத் தெரியும் மாமா, தெரிந்தேதான் மறைத்தேன் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியும்," என்றார். "கைப்பிடிக்குக் கீழ, ஒரு சாண் தள்ளி. உன் கை நின்னுச்சு. பாத்தேன்."

அப்படியானால் அப்போதே ஏன் கேட்கவில்லை, ஏன் திரும்பப் பட்டி பூசவில்லை என்று கேட்டேன். அவர் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"கேட்டா உன்னை நம்பலன்னு ஆயிடும். என் கைதான் போயிடுச்சு. உன் கையும் எனக்கு இல்லன்னா, அப்புறம் யார் கையோட நான் வேலைக்கு வர்றது? நீ சொன்னதையே எடுத்துக்கிட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த வாய்க்கொழுப்பெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள், குடித்துவிட்டு எழுந்தேன். நான் வாசலுக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர் அங்கே கையை நீட்டிக் காட்டினார். கதவோரத்தில் அவருடைய செருப்பு இரண்டும் ஜோடியாகக் கிடந்தன. அக்கா இன்னும் அவற்றை எடுத்து வைக்கவில்லை.

"இடது கால் செருப்ப எடுத்துட்டுப் போ மாப்ள. ஆறு மாசம் மிதிச்சதுதான். பதமா இருக்கும், வெட்டிக்கோ."

முகத்தில் கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. வேலை சொல்கிற முகம்தான். எடுத்துக்கொண்டேன். தெருவில் இறங்கியதும் குதிகால் பகுதியைத் தடவிப் பார்த்தேன். மிதித்து மிதித்து அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. என் கை அங்கேயே நின்றது.