கால்வாய்க்கரையில் எடுத்த படம்

பாசல் நகரத்தில் ரைன் ஆற்றோரமாக ஒரு பழைய பகுதி இருக்கிறது. எந்தக் காலத்திலோ துறவிகள் வெட்டிய கால்வாய்கள், கரையில் மரச்சட்டம் போட்ட வீடுகள், யன்னல்தோறும் சிவப்புப் பூச்சாடிகள், பழைய கடதாசி ஆலையின் பெரிய நீர்ச்சில்லு. கலண்டர்களில் வருகிற இடம். யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸுக்கு வந்து இரண்டு வருடமாகியும் நாங்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வடிவான இடத்துக்குப் போக எங்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் அது தபாலில் வந்தது.

சித்தப்பாவின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, குறித்த திகதிக்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று எழுதியிருந்த கடிதம். அவர் அப்பாவின் ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பார். எனக்கு எட்டு வயது. அவர் பிளேனில் போகப் போகிறார் என்ற பொறாமையைத் தவிர அந்தக் கடிதம் எனக்கு வேறொன்றும் செய்யவில்லை.

போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுக்கவேண்டும் என்று அப்பா எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். கமரா இரவல். சித்தப்பா போட்டிருந்த கோட்டு அப்பாவுடையது. அதன் கையை அம்மா வழியெல்லாம் இழுத்துவிட்டுக்கொண்டே வந்தார்.

கால்வாய்க்கரையில் கிடந்த மரவாங்கில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா மெல்லக் கேட்டார். "அண்ணை, டிராமில கடைசித் தரிப்பு மட்டும் போனா அங்கால பிரான்ஸ். எத்தினை பேர் நடந்தே போயிட்டாங்கள். நானும் போகட்டோ?"

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஒளிச்சா என்னைத்தான் வந்து கேப்பாங்கள். எங்கட விண்ணப்பம் இன்னும் முடியேல்லை. பொம்பிளைப் பிள்ளை வேற இருக்கு. கடிதத்தில இருக்கிற மாதிரிப் போ. உனக்கு ஒண்டும் நடக்காது."

"ஓம்" என்றார் சித்தப்பா. அண்ணன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவர்.

மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. ஊரில் இதற்காகவே பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வந்து நிறுத்துவார்கள். அப்பா கமராவைப் பிடித்தால் மிச்சம் மூன்று பேர். ஆகவே அம்மா, அவ்வழியே வந்த ஒரு சுவிஸ் பெண்ணை மறித்து, தனக்குத் தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லையும் செலவழித்து, கமராவை அவளிடம் கொடுத்தார். நடுவில் சித்தப்பா, இரு பக்கமும் அப்பா, அம்மா, ஓரத்தில் நான். அம்மாவுக்குத் திருப்தி.

அந்த நேரம் பார்த்து ஆலைக்காரர் மதகைத் திறந்தார். நீர்ச்சில்லு சுற்றத் தொடங்கியது. நான் ஓடிவிட்டேன். படச்சுருளில் அதுதான் கடைசிப் படம்.

கழுவி வருவதற்குள் சித்தப்பா போய்விட்டார். படத்தில் மூன்று பேரும், ஓரத்தில் என் முழங்கையும் இருந்தன. முழங்கையை ஓர் ஆளாக எடுக்கலாமா என்பதுபோல அம்மா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஊரிலிருந்து செய்தி வந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இளந்தாரிகளை இறக்கினார்களாம். அதற்குப் பின் சித்தப்பாவைக் கண்டவர் இல்லை.

அப்பா வேலைக்குப் போகவில்லை. சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டு, "நான்தான் அனுப்பினனான்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் வீடு ஐந்தாம் மாடி. அம்மா பல்கனிக் கதவைப் பூட்டித் திறப்பைத் தாலிக்கொடியில் கொழுவிக்கொண்டார். குளிருக்குத்தான் பூட்டுகிறார் என்று நினைத்தேன்.

பயம் தாங்காமல் ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன். "நான் ஓடினதாலயோ சித்தப்பாவுக்கு இப்பிடி நடந்தது?"

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா படுத்திருந்த பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "ஓம், நீ ஓடினதாலதான். வேற ஒருத்தரிலயும் பிழையில்லை."

எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற பதிலா அது என்று இன்றும் எனக்குக் கோபம் வரும். அன்றைக்குக் கோபம் வரவில்லை. அழுதுகொண்டு போய் அப்பாவின் காலைப் பிடித்தேன். அவர் எழும்பி இருந்து, என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். அன்று மத்தியானம் கொஞ்சம் சோறு சாப்பிட்டார்.

அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.